கிளாரினெட்காரரின் முன்பல்

1. மறுபடியும் கலங்கல்

அன்று காலை, கிருமி வளர்க்கும் சூட்டுப் பெட்டியான இன்குபேட்டரைத் திறந்து பார்த்தேன். அந்தோணி என்ற நோயாளியின் பல் வேரிலிருந்து எடுத்த மாதிரியைப் போட்டு வைத்திருந்த கண்ணாடிக் குழாய் நீர்மோர் போலக் கலங்கியிருந்தது. கலங்கினால் கிருமி வளர்ந்திருக்கிறது என்று பொருள். குழாய் தெளிவாக இருந்தால்தான் வேரை அடைத்துப் பல்லை மூடலாம். மூன்றாவது முறையாக அவருக்கு இப்படி ஆகிறது.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அருப்புக்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி லேபில் நான் வேலை பார்த்தேன். சொந்த ஊர் பரளச்சிப் பக்கம். லேப் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய மருந்து அறைதான். ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்டெரிலைசர், மண்ணெண்ணெய் விளக்கில் சூடாகும் இன்குபேட்டர் இவ்வளவுதான். கிருமி வளர்க்கும் இறைச்சிச் சாற்றை நானே காய்ச்சுவேன். இறைச்சி வீரசோழன் ஊரிலிருந்து, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் வரும். இன்குபேட்டர் உடம்புச் சூட்டில் நிற்க வேண்டும். குளிர்ந்த ஊர்களில் அதைச் சூடாக்கப் பாடுபடுவார்களாம். எங்கள் சித்திரை வெயிலில் நான் விளக்கை அணைத்துவிட்டு, ஈரச் சாக்கைப் போர்த்தி அதைத் தணிக்கப் பாடுபட்டேன்.

2. பிடுங்கச் சொன்னவரும் மறுத்தவரும்

அந்தக் காலத்தில் சீழ் வைத்த பல் என்றால் பிடுங்குவதுதான் வைத்தியம். சொத்தைப் பல்லின் விஷம் இரத்தத்தில் ஏறி மூட்டுகளையும் இதயத்தையும் கெடுக்கும் என்று பெரிய டாக்டர்களே நம்பினார்கள். எங்கள் ஆஸ்பத்திரித் தலைமை டாக்டரும் அப்படித்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பல் சீழ் கழுத்துக்கு இறங்கி, கண்ணெதிரே ஓர் இளம் தாய் இறந்ததைப் பார்த்தவர் அவர்.

பல் டாக்டர் சாமுவேல் மதுரைக்காரர். வேரைச் சுத்தம் செய்து, கிருமி இல்லை என்று லேபில் நிரூபித்துவிட்டு அடைத்தால் பல் நிலைக்கும் என்பது அவர் கட்சி. அதைச் சோதித்துப் பார்க்கத் தலைமை டாக்டரிடம் அனுமதி வாங்கியிருந்தார். அந்தச் சோதனைக்கு வந்த முதல் ஆள்தான் அந்தோணி.

திருச்சுழிப் பக்கத்து ஆள். கோயில் திருவிழாவிலும் கல்யாணங்களிலும் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். அதை ஊதும்போது மேல் முன்பல்லை வாய்க்கட்டையின் மேல் ஊன்றித்தான் பிடிக்க வேண்டும். அவருக்குக் கெட்டுப்போனது சரியாக அந்தப் பல்தான்.

கலங்கிய குழாயைத் தலைமை டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சாமுவேல், இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் கலங்குச்சுன்னா பல்லைப் பிடுங்கிரணும். விஷத்தை உள்ள வச்சுப் பூட்ட நான் விட மாட்டேன்."

வெளியே பெஞ்சில் இருந்த அந்தோணிக்கு அது காதில் விழுந்திருந்தது. நான் வந்ததும் எழுந்து நின்றார்.

"ஞானக்கா, பிடுங்கிட்டா நான் என்ன செய்ய? எங்களுக்குக் காடு கரை கிடையாது. இந்தக் குழலு ஒண்ணுதான். பேண்டு மாஸ்டர் இப்பவே வேற ஆளு பாக்குறாக."

"இன்னும் பிடுங்கலயே. பொறுங்க" என்றேன். அவருக்குச் சொன்னேனா, எனக்கே சொல்லிக்கொண்டேனா, தெரியவில்லை.

3. கிருமி எங்கிருந்து வருகிறது?

சாமுவேல் டாக்டர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "ஞானம்மா, வேர்லதான் கிருமி இருக்குன்னு நாம முடிவு பண்ணிட்டோம். அது நிஜமான்னு இன்னும் பாக்கலயே. நம்ம சாறு கெட்டிருக்கலாம். புழுதி விழுந்திருக்கலாம். ஒவ்வொண்ணா பாத்துருவோம். பெரியவர்கிட்ட சொல்லிட்டேன், இது அந்தக் கடைசித் தடவையில சேராது."

எனக்குச் சுருக்கென்றது. சாறு காய்ச்சியது நான். கரிசல் புழுதி ஜன்னல் இடுக்கு வழியாக வராமல் ஈரத் துணி கட்டியதும் நான். ஆனாலும் அவர் சொன்னது நியாயம். அந்தோணியை நாற்காலியில் உட்காரவைத்து, எப்போதும் செய்வதையெல்லாம் அப்படியே செய்தோம். மாதிரி எடுக்கும் காகிதத் திரிகளில் ஒன்றை மட்டும் பல்லுக்குள் விடாமல் நேராகக் குழாயில் போட்டேன். இன்னொன்றைப் பல் வேருக்குள் விட்டு எடுத்தோம். மூன்றாவதை ஈறு ஓரத்தில் தொட்டு எடுத்தோம்.

மறுநாள் பல்லைத் தொடாத திரி இருந்த குழாய் ஊற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. என் சாற்றில் குற்றமில்லை. மற்ற இரண்டும் கலங்கியிருந்தன. இரண்டிலிருந்தும் சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஒரே மாதிரி, மணி கோத்தது போன்ற கிருமிகள். டாக்டரைக் கூப்பிட்டேன். மாறி மாறிப் பார்த்தோம்.

"ஈறுலேர்ந்து கசியுது. நாம வேரையே சுத்தம் பண்ணிக்கிட்டிருக்கோம், பக்கத்துல வாசக்கதவு திறந்து கிடக்கு" என்றார்.

உண்மைதான். அந்தோணியின் ஈறு தொட்டாலே இரத்தம் கசியும். வெற்றிலையும் புகையிலையும் ஏற்றிய காறை பல்லடியில் கல்லாகப் படிந்திருந்தது. வேரிலும் அதே கிருமி இருக்கலாம் என்பதை எங்களால் மறுக்க முடியவில்லை. ஆனால் ஈறைச் சரிசெய்யாமல் எந்தச் சோதனையையும் நம்ப முடியாது என்பது தெரிந்துவிட்டது.

"அந்தோணி, ஈறு ஆறுற வரைக்கும் குழலைத் தொடக் கூடாது. புகையிலையும் கூடாது" என்றார் டாக்டர்.

"கல்யாண மாசமாச்சே ஐயா!"

"கல்யாணம் அடுத்த வருசமும் வரும். இந்தப் பல்லு போனா வராது."

அந்தோணி மடியிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வழியே எறிந்தார். "சரி ஐயா, வாரேன். எத்தன தடவ கூப்பிட்டாலும் வாரேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். பஸ் ஓடாத நாளில் நடந்தே வந்தார். டாக்டர் காறையைச் சுரண்டி எடுப்பார். நான் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கவைப்பேன். மெல்ல மெல்ல ஈறு வற்றி, இளஞ்சிவப்பாகப் பல்லோடு ஒட்டியது.

அடுத்து, எச்சில் படாமல் பல்லைத் தனியாகப் பிரிக்க மெல்லிய ரப்பர் தாள் வேண்டும். யுத்தத்தில் ரப்பருக்கு எங்கே போவது? ஆபரேஷன் அறையில் கிழிந்த கையுறைகளை வாங்கிவந்து, வேகவைத்து, சதுரமாக வெட்டினேன். நடுவே ஓட்டை போட்டுப் பல்லில் மாட்டினோம். டாக்டர் கம்பியை விட்டு வேரைத் திரும்பவும் தேய்த்துக் கழுவி, மருந்து வைத்து மூடினார். அடுத்த முறை அந்தோணி வந்தபோது கடைசிச் சோதனைக்கான மாதிரியை எடுத்தோம்.

4. தெளிந்த குழாய்

தலைமை டாக்டரே லேபுக்கு வந்துவிட்டார். குழாயை நான் அவர் கையிலேயே கொடுத்தேன். ஆட்டிப் பார்த்தார். தெளிவாக இருந்தது. "இன்னொரு தடவ எடுங்க" என்றார். எடுத்தோம். அதுவும் தெளிவு. அதற்குப் பிறகே வேரை அடைத்தோம்.

"அடைச்சாப் போதாது. மழை முடியட்டும், சீழ் திரும்ப வருதான்னு நான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் அந்தோணியை வரவழைத்தார். அதற்குள் அவர் பேண்டு செட்டில் மறுபடி சேர்ந்திருந்தார். தலைமை டாக்டர் ஈறை அமுக்கினார், சீழ் இல்லை. பல்லைத் தட்டினார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க ஐயா. நேத்து ஒரு கல்யாணத்துல விடிய விடிய ஊதினேன்."

தலைமை டாக்டர் கை கழுவப் போனார். ரொம்ப நேரம் கழுவினார். பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சாமுவேல், பெண்கள் வார்டுல ஒரு டீச்சரம்மா இருக்காங்க. முன்பல்லு நாலையும் நாளைக்குப் பிடுங்கறதா இருந்தேன். உங்ககிட்ட அனுப்புறேன். ஈறை முதல்ல பாருங்க."

அந்த டீச்சரம்மாவுக்கு மூன்று பற்கள் தப்பின, ஒன்று தப்பவில்லை. எல்லாப் பல்லையும் காப்பாற்றினோம் என்று நான் சொல்ல மாட்டேன். லேப் வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குழாய் கலங்கினால் மனம் கலங்காதீர்கள். அந்தக் கலங்கல் எங்கிருந்து வந்தது என்று முதலில் தேடுங்கள். உங்கள் கையிலிருந்தே வந்திருக்குமோ என்று பார்க்கவும் தயங்காதீர்கள். நீங்கள் தேடி முடிக்கும்வரை அந்தப் பல் அந்த வாயிலேயே இருக்கட்டும்.