மாமா வானத்தைப் பார்த்துச் சுட்டார்

என் மாமனார் மலையாண்டிக்கு ஊரில் பிடிவாதக்காரர் என்று பெயர். பிடிவாதம் என்பதெல்லாம் அவருக்குக் காணாது, அதைவிடப் பெரிய வார்த்தை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். அன்னவாசலுக்குக் கிழக்கே எங்களுக்கு ஒரு கடலைக் கொல்லை இருக்கிறது. அதில் மயில் இறங்கிவிட்டால் மனிதர் சோற்றுத் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். ஆனால் ஒரு கல்லை எடுத்து எறிய மாட்டார். "முருகன் ஏறி வர்ற உசுரு ஆத்தா, மேல பட்டுட்டா பாவம்" என்பார். தகரத்தைத் தட்டுவார், ஓவென்று கத்துவார், ஒரு வெடியை வானத்தில் விடுவார். அவருடைய யுத்தமெல்லாம் அத்தோடு சரி.

இந்தப் புண்ணியவான்தான் பெற்ற பிள்ளையின் போனைக் கிணற்றில் எறிந்தவர்.

என் வீட்டுக்காரர் நிலவழகன், எங்களுக்குக் கல்யாணமான புதிதில், கொல்லைக் காவலுக்குப் போன இடத்தில் போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். 'ஸ்டார் பிக்கெட்' என்று ஒரு விளையாட்டு. ஏதோ ஒரு கிரகத்தில் காற்றுத் தொட்டியைச் சுற்றி எட்டுக்கால் ஜந்துகள் வரும், அவற்றைச் சுட வேண்டும். மூன்று பாகம் வந்தும் இவருக்குச் சலிக்கவில்லை. இவர் அங்கே ஜந்துகளைச் சுட்டுக்கொண்டிருக்க, இங்கே மயில்கள் பாதிக் கொல்லையைக் கிளறித் தின்றுவிட்டன. மாமா வந்து பார்த்தார். போனைப் பிடுங்கிக் கிணற்றுக்குள் வீசினார். அப்புறம் அப்பனும் மகனும் பேசவே இல்லை. மகன் குவைத்துக்குக் கிளம்பிய அன்று மாமா திருச்சி ஏர்போர்ட்டுக்கும் வரவில்லை.

அங்கே வேலையாட்கள் தங்குகிற கேம்ப் வை-ஃபையில் எந்தக் காலும் எடுக்காது. விளையாட்டு மட்டும் எப்படியோ எடுக்கும், அதற்குள்ளேயே பேசிக்கொள்ளலாம். புருஷனோடு பேச வேண்டுமே என்று நானும் அந்தக் கருமத்தைக் கற்றுக்கொண்டேன். எனக்கென்று அவர் எடுத்துக் கொடுத்தது 'தண்டரர்' என்கிற மெஷின் கன். ஆறு குழல், ஆள் உயரம். அதைத் தூக்கினால் ஓட முடியாது, நின்ற இடத்தில்தான் நிற்க வேண்டும். விடாமல் சுட்டால் சூடேறிச் சிவந்து நின்றுவிடும், ஆறும்வரை கம்மென்று கிடக்கும். "ஓடுறவனுக்கு இது தோதுப்படாது. நீ நின்னு எனக்குக் காவல் இரு" என்றார். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. மத்தியானமானால் நாங்கள் குடும்பம் நடத்துவதெல்லாம் அந்தக் கிரகத்தில்தான். சிரிக்காதீர்கள், எனக்கு வேறு வழி கிடையாது.

அத்தை போய்ச் சேர்ந்தபிறகு வீட்டில் நானும் மாமாவும் மட்டும்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் தவறாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கடலை உடைப்பார். ஸ்பீக்கரில் மகனின் குரல் கேட்குமே, அதற்காக. ஒரு கூடைக் கடலையை அவ்வளவு மெதுவாக உடைத்த ஆளை நான் பார்த்ததே இல்லை.

போன மாதம் என் வீட்டுக்காரர் லீவில் வரப்போவதாகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த பேச்சிலேயே மண்ணை அள்ளிப் போட்டார்.

"நா நேரா பொன்னமராவதிக்கு, ஒங்கம்மா வீட்டுக்கு வந்துர்றேன். நீயும் அங்கிட்டு வந்துரு. அந்த வீட்டுப் படிய நா மிதிக்க மாட்டேன்."

கடலை உடைக்கிற சத்தம் நின்றுவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ரெண்டு பேரையும் அதே கிணற்றில் தள்ளியிருப்பேன்.

மறுநாள் மாமா தயங்கித் தயங்கி வந்தார்.

"ஆத்தா, அந்தத் துப்பாக்கிய நா கொஞ்சம் புடிக்கவா? நா பேச மாட்டேன், நீயே பேசு. அவன் பக்கத்துல செத்த நேரம் நின்னுக்கிர்றேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, "வெரலு வணங்குமாங்க மாமா?" என்று கிண்டல் செய்தேன். அந்த வாரம் முழுக்கப் பழகினார். நிற்கவும் திரும்பவும் சுடவும் வந்தது, அது போதும்.

வெள்ளிக்கிழமை போன் அவர் கையில், பேச்சு என் வாயில். ஜந்துகள் திமுதிமுவென்று வந்தன. மாமா துப்பாக்கியை மெல்லத் தூக்கினார். தூக்கினார், தூக்கினார், வானம் வரைக்கும் தூக்கி டமடமவென்று சுட்டார். "ஓ!" என்று கத்தவும் போனார், நான் வாயைப் பொத்தினேன். ஜந்துகள் ஒன்றுகூட ஓடவில்லை. நேராகப் போய் என் வீட்டுக்காரரைக் கடித்து வீழ்த்தின.

"ஏ புள்ள, எங்கிட்டு சுடுற? வானத்துல என்ன இருக்கு?"

"கை தவறிருச்சுங்க" என்றேன். மாமாவின் காதில், "அதுக மேலயே சுடுங்க மாமா" என்று கிசுகிசுத்தேன்.

"உசுருல்ல ஆத்தா. சத்தங் கேட்டா ஓடிரும்" என்று அவரும் கிசுகிசுத்தார்.

அடுத்த ஆட்டமும் வானத்துக்குத்தான். இந்தத் தடவை அந்தப் பக்கம் திட்டவில்லை.

"அருணா, துப்பாக்கி யாரு கையில இருக்கு?"

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"கடிக்க வர்றத வானத்தப் பாத்துச் சுட்டு வெரட்டுற ஆளு ஒருத்தருதான் இருக்காரு. யப்பா?"

மாமாவின் விரல் பட்டனை விடவில்லை. துப்பாக்கி சிவந்து, தானாகவே நின்றது. மாமா மறைந்துகொள்ள இனி ஒரு சத்தமும் இல்லை.

"அன்னைக்கே எறங்குனேன்யா" என்றார். "கெணத்துல. முங்கி முங்கித் தேடுனேன். ஒரே சேறு. போனு ஆம்புடல."

மடக்கவே முடியாத அந்த முழங்காலை வைத்துக்கொண்டு இவர் கிணற்றில் இறங்கியது எனக்கே தெரியாது. அதை யாரிடமும் சொல்லாமல் இத்தனை நாள் வைத்திருந்தாரே, பாவி மனுஷன்!

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அது பழைய போனுப்பா. போனாப் போவுது. நா வர்ற அன்னைக்கு ஏர்போர்ட்டுக்கு வருவீங்களா?"

மாமா வேகவேகமாகத் தலையை ஆட்டினார்.

"தலைய ஆட்டுனா அவருக்கு எப்படி மாமா தெரியும்? வாயத் தொறந்து சொல்லுங்க!" என்று அதட்டினேன்.

"வாரேன்யா, வாரேன். நேரா நம்ம வீட்டுக்குத்தான்" என்றார்.

"சரிப்பா."

அடுத்த ஆட்டம் தொடங்கியதும் அந்தச் சந்தோஷத்தில் மனிதர் துப்பாக்கியை மறுபடியும் வானத்துக்குத் தூக்கினார். ஜந்துகள் பாய்ந்து என் வீட்டுக்காரரைப் பிடுங்கித் தின்றன. நான் பதறிப்போய்ப் போனைப் பறிக்கப் போனேன்.

அவர் அங்கே அழுதுகொண்டே சிரித்தார்.

"விடு அருணா. தின்னுட்டுப் போவட்டும்."