சித்தப்பா தொலைந்த ஒரு மணி நேரம்

சித்தி சிரித்துக்கொண்டே போனைக் கீழே வைத்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. “ஒங்க சித்தப்பா கடலுக்குள்ள போயாச்சு. இனி பத்து நாளைக்கு எனக்கு லீவு” என்று சொல்லிவிட்டு அவள் சீரியல் பார்க்கப் போய்விட்டாள்.

சித்தப்பாவுக்குத் தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை. தோணிகளும் கப்பல்களும் தம் பெயரையும் இருக்கும் இடத்தையும் ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டே போகின்றன என்று முந்தின நாள்தான் ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். எங்கள் ஊர் குளத்தூருக்குக் கடல் பக்கம்தான். கேட்க ஒரு காது வைத்தால் போதாதா? அப்போது ஒன்பதாம் வகுப்பு. எதையும் நாளைக்கு என்று ஒத்திப்போடத் தெரியாத வயது.

கட்டைவிரல் அளவு ரிசீவர், அண்ணனின் பழைய லேப்டாப், ஆன்டெனாவாக அளந்து வெட்டிய செம்புக் கம்பி, அதைத் தூக்கி நிறுத்த இருபதடி இரும்புக் குழாய். குழி தோண்டப் பொறுமையில்லை. புரட்டாசி முடிந்தும் மழை இல்லாமல் கொல்லைக் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆழமான வெடிப்பு ஒன்றில் குழாயைச் செருகி, மண்கட்டிகளைத் தட்டி இறுக்கினேன். திரையின் கடல் படத்தில் கப்பல்கள் புள்ளி புள்ளியாக வந்தன. சித்திக்குக் குழப்பம் வேண்டாமென்று எங்கள் தோணியைத் தவிர மற்றதையெல்லாம் மறைத்துவைத்தேன்.

தோணி திரும்பிவரும் நாளில் முதல் மழை பிடித்தது. மதியம் தெற்கே புள்ளி தெரிந்தது. சற்று நேரத்தில் நின்றது. பிறகு திரையிலிருந்தே போய்விட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

“சித்தி, தோணியக் காணல.”

சித்தி தோணி முதலாளிக்குப் போன் போட்டாள். “அண்ணாச்சி, அவிய தோணி கடல்ல காணலியாம்.”

“யாரு சொன்னா?”

“எங்க வீட்டுப் பிள்ள சொல்லுதா.”

“அவ என்ன கலங்கரை விளக்குலயா வேல பாக்கா?” என்றவர், சித்தி விசும்புவது கேட்டதும் தணிந்து, “விசாரிச்சுச் சொல்லுதேன்” என்று வைத்தார்.

அடுப்பில் சோறு அடிப்பிடித்து நாறியது. சித்தி என்னைத் திட்டவில்லை. திரையின் நீலத்தைத் தொட்டுத் தொட்டு, “இங்கனயாட்டி? இங்கனயா?” என்று கேட்டாள். அங்கே ஆழம் எவ்வளவு என்று கேட்டுவிடுவாளோ என்று லேப்டாப்பை மெல்ல என் பக்கம் திருப்பினேன்.

ஒரு மணி நேரம் கழித்து அப்பா காட்டிலிருந்து நனைந்து வந்தார். “ஏட்டி, ஒன் கம்பு ஆட்டுக் கொட்டகை மேல படுத்துக் கெடக்கு. மழ பெஞ்சா கரிசல் பொங்கும்னு தெரியாதா? சரள் போடாம இதுல எது நிக்கும்?”

ஓடிப்போய் மற்றப் புள்ளிகளை மறைவிலிருந்து எடுத்தேன். துறைமுகத்தில்கூட ஒரு கப்பல் இல்லை. கடலே காலி. சித்தப்பா தொலையவில்லை. என் காதுதான் விழுந்திருந்தது.

அப்பா குழாயைத் தூக்கிப் பிடிக்க, அறுந்த வயரை முறுக்கினேன். எங்கள் புள்ளி துறைமுக வாசலில் நின்றது.

மறுநாள் சித்தப்பா உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சித்தி ஒரு கூடைச் சரளைக்கல்லைக் கொண்டுவந்து கம்பத்தடியில் கொட்டினாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“நாப்பதடி ஒசத்துனா எம்புட்டுத் தூரம் தெரியும்?”

“இன்னும் கொஞ்சந்தூரம் தெரியும் சித்தி.”

“அதுக்கு அங்கிட்டு?”

“அதுக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியாது.”

சித்தி கம்பத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தாள். “அப்ப நாப்பது போதாதுட்டி.”

சித்திக்கும் ரேடியோப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பூரித்துப்போனேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, அறுபதடி என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.