பைக்குள் வந்த மூச்சு

அன்று பிற்பகல் அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். என் தம்பி. அவனுடைய மேலதிகாரியான அம்மையார். விளக்கு மாற்ற வந்த எலக்ட்ரீஷியன். நான் அங்கே இல்லை. ஆனால் மூவரையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்டேன். மூவரும் சொன்ன நேரங்கள் ஒரு நிமிடம்கூட முன்பின் மாறவில்லை. எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லும் வழக்கம் கிடையாது. ஒரே ஒரு முறை சொன்னோம். நடந்ததற்கெல்லாம் அதுதான் தொடக்கம்.

காற்றில் கலந்த ஆவிகளைக் குளோரின் அணுக்கள் எவ்வளவு வேகமாகத் தின்று தீர்க்கின்றன என்று அளப்பது தம்பியின் வேலை. ஆள் உயரத்தில், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் ஒரு பை. அதற்குள் சுத்தமான காற்று, கொஞ்சம் குளோரின் வாயு, வேகம் தெரிந்த ஆவி ஒன்று, தெரியாத ஆவி ஒன்று. விளக்கைப் போட்டால் குளோரின் அணுக்களாக உடையும். இரண்டு ஆவிகளும் குறையத் தொடங்கும். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டால் தெரியாத வேகம் தெரிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால், பையைக் கறுப்புத் துணியால் மூடி, விளக்கே போடாமல், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்கவேண்டும். எதுவும் மாறக்கூடாது. இருட்டுச் சோதனை என்று அதற்குப் பெயர்.

போன வருடம் அதைச் செய்தவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை, என் தங்கையின் கணவர். அதே கூடத்தில் டெக்னீஷியன். ஏதோ சரியில்லை, இன்னொரு முறை செய்யலாம் என்று தாளை நீட்டினார். தம்பிக்கு அவசரம். படிக்காமலே கிழித்துப் போட்டான். பிறகு இருட்டுச் சோதனையின் தாள் எங்கே என்று மேலிடம் கேட்டபோது, டெக்னீஷியன் அந்தச் சோதனையைச் செய்யவே இல்லை என்று எழுதிக் கொடுத்தான்.

மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. மனைவியின் தம்பியைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அவரைச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். ஐந்தாம் மாதம் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். வேலையில் ஏமாற்றியவர் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

இந்த வருடம் வேறொரு கூடத்தில் அளந்த வேகம் தம்பியின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. முதலிலிருந்து அளக்கச் சொன்னார் அம்மையார். பகல் 1.30க்குப் பையை மூடினார்கள்.

2.10. அளக்கும் கருவியின் திரையில் இரண்டு முகடுகள். ஆவிக்கு ஒன்று. சரி.

2.30. மூன்று முகடுகள். ஒவ்வொரு ஆவியும் கருவியைக் கடக்க அதற்கென்று ஒரு நேரம் எடுக்கும்; புதியது நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடியில் எழுந்திருந்தது.

அம்மையார் நிமிர்ந்தார். "இது ஐசோப்ரீன். மனுஷன் விடுற மூச்சுல இருக்கிறது. யாராவது பைக்குள்ள ஊதினீங்களா?"

ஏணியிலிருந்து எலக்ட்ரீஷியன் சிரித்தார். "மூடி ஒரு மணி நேரம் ஆச்சு மேடம். உள்ள போய் ஊத நான் என்ன கொசுவா?"

2.50. மூன்றாம் முகடு இரண்டு மடங்கு.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

3.10. இன்னும் உயரம். ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை. கறுப்புத் துணி மெல்ல எழுந்தது... தாழ்ந்தது. எழுந்தது... தாழ்ந்தது.

ஸ்ஸ்... ஸ்ஸ்...

எலக்ட்ரீஷியன் ஓசையின்றி ஏணியிலிருந்து இறங்கினார்.

தம்பி கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான். நிமிடத்துக்குப் பதினாறு.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவன் பையின் பக்கமாகத் திரும்பினான்.

3.22.

"அத்தான்... நீங்க சோதனையைச் செஞ்சீங்க. தாளைக் கிழிச்சது நான். நான் எழுதிக் கொடுத்தது பொய்."

அம்மையார் கேட்டார். எலக்ட்ரீஷியன் கேட்டார்.

துணி நின்றது.

3.30. இரண்டே முகடுகள்.

மூடிய பை. இருட்டு. உள்ளே இருந்தது எங்கே போனது...

அன்றே தம்பி உண்மையை எழுதிக் கையெழுத்திட்டான். மாலையில் அவனை நானே தங்கை வீட்டுக்கு அழைத்துப் போனேன். மாப்பிள்ளையின் இழவு வீட்டில் அவருக்காக வெட்கப்பட்டு நின்றவன் நான். எனக்கும் அந்த வாசற்படி ஏறக் கால் கூசியது.

தங்கை எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை.

"ஒரு பையைப் பார்த்துச் சொல்ல வாய் வந்துச்சு. ஒரு வருஷமா என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரலையாடா உனக்கு?"

அவள் உள்ளே போய்க் கணவரின் தோள்பையைக் கொண்டுவந்தாள். அவர் எதை எழுதினாலும் அடியில் கார்பன் வைத்துத்தான் எழுதுவாராம். தம்பி கிழித்த தாளின் நகல் அதில் இருந்தது.

2.10, இரண்டு முகடுகள். 2.30, மூன்று, நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி. 2.50, இரண்டு மடங்கு. 3.10, துணி அசைகிறது.

கடைசி வரி: நிமிடத்துக்குப் பதினாறு. திரும்பச் செய்யவேண்டும்.

பைக்குள் மூச்சு விட்டது எங்கள் மாப்பிள்ளையின் ஆவி என்று அந்தக் கட்டடத்தில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. இந்தத் தாளை எழுதிய அன்று அவர் உயிரோடு, பேனாவும் கையுமாக, பைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.