பேரும் பிறந்த நாளும்

நாற்பத்தாறு வயதில் நர்ஸ் படிப்பு படிக்கப் போகிறேன் என்று என் மனைவி ரெனே சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். நான் பால் டேங்கர் ஓட்டுகிறவன். விடியற்காலையிலிருந்து பண்ணை பண்ணையாக ஏறி இறங்கிவிட்டு அப்போதுதான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"இந்த வயசுல காலேஜா? சின்னப் பசங்க உன்னை டீச்சர்னு நினைச்சு எழுந்து நிக்கப் போறாங்க."

"ஒரே வருஷம்தான் கர்ட். ஏற்கெனவே டிகிரி இருக்கிறவங்களுக்குப் பன்னெண்டே மாசத்துல எல்லாத்தையும் நடத்தி முடிச்சிடுவாங்க."

"பாடத்தை முடிப்பாங்களா, ஆளையே முடிச்சிடுவாங்களா?"

அவள் சிரிக்கவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கு மூலையில் இருக்கும் எங்கள் ப்ளம் ரிட்ஜில் மொத்தம் எண்ணூறு பேர். ஊர் நூலகத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவள் ரெனே. யாரிடமும் நூலக அட்டையைக் கேட்டதே இல்லை. தெரிந்த மனிதரிடம் அட்டையைக் காட்டு என்பது எங்கள் ஊரில் முகத்தில் அறைவதற்குச் சமம். அந்த ஜனவரியில் இங்கா ப்ரெடால் என்ற அம்மாள் அலமாரிகளுக்கு நடுவே சுருண்டு விழுந்தார். பனியில் ஆம்புலன்ஸ் வந்து சேர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அதுவரை ரெனே அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாள் பிழைக்கவில்லை.

"அவங்க எந்தப் புத்தகத்தை எந்தப் பக்கத்துல விட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். நாடியை எங்க புடிக்கணும்னு தெரியலையே கர்ட்" என்றாள்.

மே மாதம் வகுப்பு தொடங்கியது. போக அறுபது மைல், வர அறுபது மைல். முப்பது பேரில் இவள்தான் மூத்தவள். பாடம் நடத்தும் ப்ரென்னா ஓக்ரேக்கே முப்பத்து மூன்று வயதுதான். சமையல் என் தலையில் விழுந்தது. திங்கள்கிழமை மக்ரோனி, செவ்வாய்க்கிழமை நேற்றைய மக்ரோனி. சாப்பாட்டு மேஜையில் புத்தகங்கள் போக மிச்சம் இருந்த இடத்தில் தட்டை வைத்துச் சாப்பிட்டேன். எனக்கு ரத்த அழுத்தம் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், கடைசியில் எங்கள் நாயைத் துரத்த ஆரம்பித்தாள்.

அக்டோபரில் ஆஸ்பத்திரிப் பயிற்சி. முதல் வாரமே மாட்டிக்கொண்டாள். ஆர்னே ஸ்டென்ருட் நெஞ்சுச் சளியோடு படுத்திருந்தார். எழுபத்தெட்டு வயது. ஊரில் பாதிக் களஞ்சியங்களுக்குப் பெயிண்ட் அடித்த கை. வியாழக்கிழமைதோறும் காபிக் கடையில் என்னோடு சீட்டாடுகிறவர். "என்ன ஆர்னே, இங்கயும் வந்துட்டீங்களா?" என்று கேட்டபடியே மாத்திரையை அவர் கையில் கொடுத்திருக்கிறாள். ஓக்ரே அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

"பேரும் பிறந்த தேதியும் கேட்டீங்களா?"

"அவரை இருபது வருஷமாத் தெரியும் மேடம்."

"பக்கத்து ரூம்ல இன்னொரு ஆர்னே ஸ்டென்ருட் படுத்திருந்தா?"

எங்கள் ஊரில் உண்மையிலேயே இன்னொரு ஆர்னே ஸ்டென்ருட் இருக்கிறார், இவருடைய சித்தப்பா மகன். எந்த மாத்திரைக்கு முன்னாலும் நோயாளியே தன் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்ல வேண்டும், அதை அவர் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அதுதான் விதி. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு தடவை நடந்தால் படிப்பு அதோடு முடிந்தது. நூலக வேலையையும் விட்டுவிட்டு வந்தவள் அவள்.

"சரியான ஆளு, சரியான மாத்திரை. இதுல என்ன குத்தம் கண்டாங்களாம்?" என்று நான் குதித்தேன்.

"எல்லாரையும் எனக்குத் தெரியும்னு நினைச்சேன்ல, அதுதான் குத்தம்" என்றாள்.

அன்றிலிருந்து எல்லோரிடமும் கேட்டாள். எனக்கு இருமல் மருந்து ஊற்றும்போதுகூடக் கேட்டாள். "உன் புருஷன்டி நான்!" என்றேன். "பிறந்த தேதி?" என்றாள். விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. காபிக் கடையில் கேலி செய்வதில் ஆர்னேதான் முதல் ஆள். "பேரும் பிறந்த நாளும் சொன்னாத்தான் சர்க்கரை போடுவியாம்மா?" என்று பரிமாறும் பெண்ணைக் கேட்பார். கடையே சிரிக்கும்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, பாதி ஆட்டத்தில் ஆர்னே சீட்டை மேஜையில் வீசி எறிந்தார். "எல்லாம் திருட்டுப் பசங்க! உங்களோட எவன் ஆடுவான்?" என்று கத்திவிட்டுப் போய்விட்டார். போனால் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். இரண்டு மாதம் பேசவே இல்லை. எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஏப்ரல் கடைசியில் ரெனேவுக்கு இறுதிப் பயிற்சி வாரம். ஆர்னே மறுபடியும் அதே சளியோடு ஆஸ்பத்திரியில். கேள்விப்பட்டதும் மனசு கேட்கவில்லை. ஒரு பை சீஸ் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். நான் உட்கார்ந்திருந்தபோதே ரெனே மாத்திரைக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். கதவருகே கையில் தாளோடு ஓக்ரே. தேர்ச்சியா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிற தாள் அது.

"பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க ஆர்னே."

"ஆர்னே ஸ்டென்ருட்."

"பிறந்த தேதி?"

"கையில கட்டி விட்டிருக்கீங்களே, படிச்சுக்கோ."

"நீங்க சொல்லணும்."

"வேற வேலை இல்லையா உனக்கு? உன் லைப்ரரிக் கதவுக்குப் பெயிண்ட் அடிச்சவன்கிட்டயே விசாரணையா?" முகம் சிவந்துவிட்டது அவருக்கு.

இந்தக் கிழவரின் வீம்பால் இவளுடைய ஒரு வருஷம் மண்ணாய்ப் போகப் போகிறது. "ரெனே, ஜூன் பதி..." என்று ஆரம்பித்தேன்.

"கர்ட், வாயை மூடு."

கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சொல் அவள் சொன்னதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். "ஞாபகம் வரலையா ஆர்னே?" என்று மெல்லக் கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"அவன் முன்னாடி கேக்காதே" என்று முணுமுணுத்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வியாழக்கிழமை யாரும் ஏமாற்றவில்லை. கையிலிருந்த சீட்டை வைத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அது புரியாமல் இரண்டு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதே ரெனே, உனக்குப் புண்ணியமாப் போகும். வண்டிச் சாவியைப் புடுங்கிடுவாங்க" என்று கதவருகே நின்ற ஓக்ரேவுக்குக் கேட்காதபடி கெஞ்சி, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கையை விடுவிக்காமலே, நோயாளியால் சொல்ல முடியாதபோது செய்ய வேண்டியபடி, இன்னொரு கையால் பட்டையைத் திருப்பி மருந்துத் தாளோடு ஒத்துப் பார்த்து மாத்திரையைக் கொடுத்தாள். அவர் விழுங்கும்வரை காத்திருந்தாள். பிறகு எழுந்து நேராக ஓக்ரேயிடம் போய் அவருடைய மறதியைச் சொன்னாள். சொல்லாமல் விட்டிருந்தாலும் அவள் தேறியிருப்பாள். அது எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். "இருபது வருஷச் சிநேகிதனைக் காட்டிக் கொடுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

"ரெண்டு மாசமா அவர் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலையே, அதுக்குப் பேர்தான் சிநேகிதமா?" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

டாக்டர்கள் சோதித்தார்கள். மறதி நோய், ஆரம்ப நிலை. வண்டிச் சாவி போயிற்று. வியாழக்கிழமைகளில் நானே போய் ஆர்னேவை அழைத்து வருகிறேன். எல்லாருடைய சீட்டையும் மேஜையில் விரித்துப் போட்டு ஆடுகிறோம். முதலில் ரெனேயின் பெயரை எடுத்தாலே திட்டினார். பிறகு திட்ட மறந்துவிட்டாரோ, மன்னித்துவிட்டாரோ, நான் கேட்கவில்லை.

மே மாதம் படிப்பு முடிந்தது. 'பின்' என்ற நர்ஸ் சின்னத்தை அணிவிக்கும் விழா நடந்தது. பட்டம் பெறுகிற ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய ஒருவரை மேடைக்கு அழைப்பார். அவர்தான் நர்ஸ் பின்னைச் சட்டையில் குத்திவிட வேண்டும். நான் புதுச் சட்டை வாங்கி வைத்திருந்தேன். ரெனே ஆர்னேவை அழைத்தாள். கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆர்னே மேடையேறினார். பின்னைக் கையில் வாங்கியவர் அப்படியே நின்றார். ரெனேயின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"உன் பேரும் பிறந்த தேதியும் சொல்லு" என்றார்.

அரங்கமே சிரித்தது. ஓக்ரேகூடச் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், அவர் கண்ணைப் பார்க்கும்வரை.

ரெனே சிரிக்கவில்லை. "ரெனே டோலஃப்ஸ்ருட்" என்று நிதானமாகச் சொன்னாள். "எழுபத்தேழு, ஆகஸ்ட் ஒன்பது."

அவர் தலையசைத்தார். பெயிண்ட் தூரிகை பிடித்த அந்தக் கை நடுங்காமல் பின்னைக் குத்தியது.

திரும்பி வரும்போது ஆர்னே பின்சீட்டில் தூங்கிவிட்டார். "கேலி பண்ணினாரா, நிஜமாவே உன்னைத் தெரியலையா?" என்று கேட்டேன்.

ரெனே பின்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"தெரியல கர்ட். கேட்டார், சொன்னேன்."