இடிக்கடவுளின் தம்பிக்காக நான் போட்ட தியரி

பெங்களூரில் காலையில் ஆபீஸ் கேப்பில் ஏறினால் முதல் கேள்வி, "திண்டி ஆய்தா?" டிபன் ஆச்சா என்று கேட்கிறார்கள். ஆச்சு என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்து விழும்: "தியரி ஏனு?" இன்றைக்கு என்ன தியரி என்கிறார்கள். ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். வடக்கு ஐரோப்பாவின் பழைய புராணத்தை வைத்து ஒரு சூப்பர்ஹீரோ படம் வரப்போகிறது. டிரெய்லர் வந்த நாளிலிருந்து, ஆஸ்டின் டவுனில் ஏறி எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கும்வரை நாங்கள் அதைத்தான் பிரித்து மேய்கிறோம். ஒற்றைக்கண் அப்பா சாமி, இடி இறக்கும் மூத்த மகன், ராட்சச குலத்தில் பிறந்து தேவலோகத்தில் வளர்ந்த தத்துப்பிள்ளை. விருந்து மேசையில் ஒரு நாற்காலி காலி. மூன்றே நொடிதான் காட்டுகிறார்கள். மூத்தவன்தான் போகப்போகிறான் என்பது என் டீம் லீட் மஞ்சு சாரின் தியரி. கிடையவே கிடையாது, தம்பியைத்தான் துரத்துவார்கள் என்பது என்னுடையது. எத்தனை வருஷம் ஒரே பந்தியில் சாப்பிட்டாலும் வந்தவன் வந்தவன்தான் சார் என்று கொஞ்சம் சூடாகவே சொன்னேன். மஞ்சு முன்சீட்டில் உட்கார்ந்தபடி சிரித்தார்.

இந்தப் புத்தி எனக்குக் குடியாத்தத்திலேயே ஒட்டிக்கொண்டது. அங்கே ஹீரோ போட்ட சட்டை கலரை வைத்தே அவர் எந்தக் கட்சிக்குப் போவார் என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். ஒன்றுகூடப் பலித்ததில்லை, யாரும் வெட்கப்பட்டதும் இல்லை. தியரி தப்பினால் அங்கே யாருக்கும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இங்கே என் நிலைமை வேறு. வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. மகளுக்கு இப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கன்னடத்தில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். இந்த வேலை போனால் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அப்போதுதான் ஆபீஸில் ஆட்குறைப்பு என்று பேச்சு கிளம்பியது. பார்த்ததையெல்லாம் டிரெய்லர் போல நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தேன். மஞ்சு வந்து, "உங்கள் வேலை சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமைக்குள் டாக்குமென்ட்டாக எழுதிக் கொடுங்கள்" என்றார் கன்னடத்தில். எங்கள் தொழிலில் ஒருவனை எழுதிக் கொடுக்கச் சொன்னால், அவனைக் கிளப்பப்போகிறார்கள் என்றுதான் அர்த்தம். அடுத்த நாள் கேன்டீனில், சென்னையில் வாடகைக்கு வீடு சுலபமாகக் கிடைக்குமா என்று கேட்டார். ஏன் சார் என்றேன். "சும்னே கேள்தே" என்று தயிர்சாதத்தைப் பிசைந்தார். சும்மா கேட்டாராம்! பிறகு அடுத்த மாத மீட்டிங்குக்கு அழைப்பு வந்தது. என் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது, கடைசியில். போஸ்டரில் கடைசியாக நிற்கிறவன்தான் படத்தில் முதலில் சாவான், இது எங்களுக்கெல்லாம் பாலபாடம்.

அன்று சாயங்காலம் கேப் மேம்பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது என் மனைவி கல்பனா போன் செய்தாள். ஸ்கூலில் புத்தகம், யூனிபார்ம் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கிவிடட்டுமா என்று கேட்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது அவ்வளவும் பொங்கிவிட்டது. "வாங்காத கல்பனா. முன்சீட்டுல உக்காந்திருக்கிற ஆளு என்னைக் கழட்டிவிட பிளான் போட்டுட்டான். மூஞ்சிக்கு நேரா எப்படிச் சிரிக்கிறான் தெரியுமா? இதே அவங்க ஆளா இருந்தா இப்படிப் பண்ணுவானா?" என்று தமிழில் பொரிந்து தள்ளினேன். பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா என் கையைக் கிள்ளினாள். கோலார் தங்கவயல் தமிழ்க் குடும்பத்துப் பெண், எங்கள் டீம்தான். சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மஞ்சு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர், ஆட்டோக்காரர், தெருமுனைப் பூக்காரம்மா எல்லாரும் என்னிடம் தமிழ்தான் பேசுவார்கள். மஞ்சு மட்டும் பேசியதே இல்லை. "கன்னடா மாத்தாடி, கலீபேக்கு", கன்னடத்தில் பேசுங்கள், கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்காக மெதுவாகப் பேசுவார், நான் தப்பும் தவறுமாகப் பதில் சொல்வேன்.

திங்கட்கிழமை மதியம் எச்.ஆர். அறைக்குள் கூப்பிட்டார்கள். என்னை இல்லை, மஞ்சுவை. அரை மணி நேரத்தில் அடையாள அட்டை இல்லாத கழுத்தோடு வெளியே வந்தார். நான் பதறிப்போய் அந்த மீட்டிங் அழைப்பை மறுபடி திறந்தேன். அதில் மஞ்சுவின் பெயரே இல்லை. என் பெயரைத் தேடிய அவசரத்தில் அது என் கண்ணிலேயே படவில்லை. தம்பி, தம்பி என்று நான் அலறிக்கொண்டிருக்க, வீட்டுப் பிள்ளையை அனுப்பிவிட்டார்கள். அன்றே அவர் இடத்தில் பொறுப்பேற்ற லீட் என்னைக் கூப்பிட்டு, "மஞ்சு அனுப்பிய உங்கள் டாக்குமென்ட்டைப் பார்த்தேன். இந்த ஆளை விட்டுவிடாதீர்கள் என்று எழுதியிருந்தார்" என்றார். நின்ற இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ஸ்டெல்லா வேறு விடவில்லை. "அண்ணா, அவரு ஆஸ்டின் டவுன்லயே பொறந்தவரு. உங்களவிட நல்லா தமிழ் பேசுவாரு. அன்னிக்கி எதுக்குக் கிள்ளினேன்னு நெனச்சீங்க?" என்றாள். இங்கே பிழைக்க வந்திருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பெங்களூரில் தமிழில் ரகசியம் பேசாதீர்கள்.

அன்று சாயங்காலம் கடைசியாக ஒருமுறை அவர் எங்களோடு கேப்பில் வந்தார், இந்தமுறை பின்சீட்டில், என் பக்கத்தில். "சார், தப்பாய்த்து" என்றேன். என் அரைகுறைக் கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தேன்.

"விடுங்க. பயம் யாரைத்தான் விட்டுச்சு" என்றார் நல்ல தமிழில். "இது வரும்னு தெரிஞ்சு முன்னாடியே தேடினேன், எனக்குச் சென்னையில வேலை அமைஞ்சிருக்கு. அங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

"இருக்காங்க சார், பாத்துக்கலாம்" என்றேன். குடியாத்தத்துக்காரனான எனக்குச் சென்னையில் ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாது.

கேப் மேம்பாலத்தில் ஏறும்போது அவரே கேட்டார். "அங்க பஸ்ல உக்காந்து வீட்டுக்காரிகிட்ட கன்னடத்துல மனசுவிட்டுப் பேசினா, பக்கத்துல யாருக்கும் புரியாது, இல்ல?"

"புரியாது சார்."

"அதான் பயமா இருக்கு" என்றார்.

வண்டி ஆஸ்டின் டவுனில் நின்றது. அவர் பிறந்த தெருமுனையில் இரண்டு பேரும் இறங்கினோம். எதிரே வந்த அந்தப் பூக்காரம்மா அவரைத் தாண்டி என்னைப் பார்த்து, "திண்டி ஆய்தா சார்?" என்று கேட்டாள்.