கூரைக்கு வயர் போட்ட எங்கள் அக்கா

எங்கள் அக்கா கோலா சிலாங்கூருக்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் பிறந்தார். அப்பா குலை வெட்டினார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். இந்த நினைவு மலருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் பலர் அக்காவைப் பொறுமையின் வடிவம் என்கிறார்கள். பொய். அக்காவுக்குப் பொறுமையே கிடையாது. கையில் வேலை இருந்தது, வாய் இருந்தது, நல்ல மனம் இருந்தது. எனக்குத் தெரிந்த அக்காவை நான் எழுதுகிறேன்.

பள்ளி முடிந்ததும் செரண்டா பக்கம் ஒரு தொழிற்சாலையில் வயர்களைச் சேர்த்துக் கட்டும் வேலைக்குப் போனார். அப்பா இறந்த பிறகு அவர் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. எண்பதுகளின் நடுவில் ஆள் குறைத்தார்கள். அக்கா வீடு திரும்பினார். அப்போது நான் கோலா சிலாங்கூரில் கார்களுக்கு வயர் வேலை செய்யும் சிறிய பட்டறை வைத்திருந்தேன். "நாளையிலிருந்து நானும் வர்றேன்டா" என்றார். வந்துவிட்டார்.

உறவுக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, வீட்டுக்கே வந்தார்.

"பொம்பளப் புள்ள காடிக்கு அடியில மல்லாந்து கெடக்குதாம். ஊரே சிரிக்குது."

"காடிக்கு அடியில படுத்தா எண்ணெதான் மாமா ஒட்டும். கழுவினா போயிடும்" என்றார் அக்கா.

மாமா விடவில்லை. அக்காவுக்கு மாப்பிள்ளையாகத் தாரமிழந்த ஒருவரைப் பார்த்து வைத்திருந்தார். பட்டறையை விட வேண்டும், அதுதான் மாப்பிள்ளை வீட்டார் கேட்டது. "எம்மக கல்யாணம் முடியட்டும், பேசி முடிச்சிருவோம்" என்றார். அம்மா அண்ணன் சொல்லைத் தட்டாதவர். அழுதுகொண்டே தலையாட்டினார்.

அந்த மாதம்தான் நாங்கள் தவுக்கே என்று அழைக்கும் சீன முதலாளி ஒருவர் துணிக்கூரை போட்ட பழைய திறந்த காரைக் கொண்டு வந்தார். கையால் மடக்கும் கூரைக்கு மோட்டார் வைத்திருந்தார். வயர் போட ஆள் கிடைக்கவில்லை. அக்கா ஒப்புக்கொண்டார். கூரையை மூடி வைத்துச் சட்டத்தின் மேல் வயரை அளந்து வெட்டினால், திறக்கும்போது மடிகிற இடத்தில் இழுபட்டு அறுந்துவிடும். அக்கா அங்கே வளையமாகத் தளர விட்டுக் கட்டினார். மோட்டாருக்குத் தனியாக ஒரு பியூஸ் வைத்தார். சுவிட்சை அமுக்கியதும் கூரை எழுந்து பின்னால் மடிந்து உட்கார்ந்தது. "பண்டாய் லா!" என்று தவுக்கே கைதட்டிப் பாராட்டினார்.

மாமா தன் மகளின் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் பிடித்தது அதே காரை. வயர் போட்டது யார் என்று அவருக்குத் தெரியாது.

கோயிலில் தாலி கட்டி மண்டபத்துக்குப் புறப்பட்டார்கள். மாப்பிள்ளைத் தோழர்கள் மடித்த கூரையின் மேலும் இரண்டு பக்கச் சட்டத்திலும் சாமந்தி மாலையை இறுகச் சுற்றியிருந்தார்கள். சந்தையைத் தாண்டியதும் மழை கொட்டியது. ஓட்டுநர் சுவிட்சை அமுக்கினார். கூரை பாதி எழுந்து நின்றுவிட்டது.

"எந்த மடையன்டா இதுக்கு வயர் போட்டவன்?" என்று கத்தினார் மாமா.

"நான்தான் மாமா" என்று பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா போனார். மாலை கயிறாகத் திரிந்து மடிப்பில் சிக்கியிருந்தது. வெட்ட ஒரு கத்தி கேட்டார்.

"கல்யாணக் காடியில கட்டின மாலைய அறுக்கிறதா? அபசகுனம்!" என்றார் மாமா.

"சரி, அப்ப பொண்ணு மாப்பிள்ள ரெண்டு பேரும் குளிக்கட்டும்."

கண்மை வழிந்த முகத்தோடு மணப்பெண் எழுந்து நின்றார். "அறுங்க அண்ணி! அப்பா, நீங்க குடைக்குள்ள நிக்கிறீங்க. நனையிறது நான் லா!"

மேளக்காரர்கூடச் சிரித்துவிட்டார். அக்கா மாலையை அறுத்தார். போயிருந்த பியூஸைக் கழற்றி, கைப்பையிலிருந்த புதியதைப் போட்டார். கைப்பையில் பியூஸ் எதற்கு என்று கேட்காதீர்கள், அக்கா அப்படித்தான். அந்தத் தனி பியூஸ் இல்லையென்றால் மோட்டாரே எரிந்திருக்கும். கூரை முன்னால் வந்து மூடிக்கொண்டது. மேளம் மறுபடி தொடங்கியது.

மறுநாள் காலை அம்மா எழுந்து சோறு கட்டி அக்காவின் கையில் கொடுத்தார். "நேரத்தோட போ. கடைய தெறக்கணுமில்ல" என்றார். மாமா பார்த்த சம்பந்தம் அதோடு முடிந்தது.

பின்னாளில் அக்கா ஒரு லோரி ஓட்டுநரைத் தாமே பார்த்துத் திருமணம் செய்துகொண்டார். ஒரே மகளை வளர்த்தார். கடைசி இரண்டு ஆண்டுகள் சிறுநீரக நோயோடு கிடந்தபோதும் படுக்கையிலிருந்தே பட்டறைக்குப் போன் போட்டுத் திட்டினார்.

அக்காவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட அத்தானுக்கு நன்றி. இரத்தம் சுத்திகரிக்க ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போனவர் அன்றைய மணப்பெண்தான். அவருக்கு நான்கு பிள்ளைகள், நல்ல குடும்பம். அபசகுனம் என்று பேசியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாமாவுக்கு இப்போது கண் தெரியாது. யாராவது இதைப் படித்துக் காட்டுங்கள், ஒரு வரி விடாமல்.

இன்றோடு காரியம் முடிகிறது. நாளைக் காலை பட்டறை திறக்கும். வேலைக்கு அக்காவின் மகள் இருப்பார். பொம்பளப் பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று யாருக்காவது கேட்கத் தோன்றினால் என்னிடம் வரவேண்டாம். நேரே அவரிடமே கேளுங்கள். அவருக்கும் வாய் உண்டு.