பூட்டக்காவும் தம்பியின் தேடல் பெட்டியும்

எங்கள் தெருவில் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் முதலில் கடவுளைக் கூப்பிடுவார்கள், அப்புறம் பூட்டக்காவைக் கூப்பிடுவார்கள். கடவுள் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பூட்டக்கா வந்துவிடுவாள், தோளில் ஒரு தோல்பை, அதற்குள் விதவிதமான கம்பிகள், வாயில் எப்போதும் ஒரு முணுமுணுப்பு.

வந்த கையோடு பூட்டைத் தொடமாட்டாள். வாசலில் தவித்துக்கொண்டு நிற்கிறவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"கதவத் தெறந்ததும் வலது கைப்பக்கம் என்ன இருக்கும்?"

செருப்பு அலமாரி, குடை, குழந்தையின் சைக்கிள் என்று அவர்கள் எதையாவது சொல்லவேண்டும். திறந்து பார்க்கும்போது சொன்னது அங்கே இல்லையென்றால் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, உன் வீடுதான் என்பதற்கு ஆதாரம் கொண்டுவா என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவாள். ஒருவன் "டிவி" என்றான். உள்ளே இருந்தது மீன்தொட்டி. அவன் படியிறங்கி ஓடிய ஓட்டத்தில் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டுப் போனான். பூட்டு திறக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். யாருக்குத் திறக்கக்கூடாது என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்த நம்பிக்கைதான் அவளுடைய தொழில், மற்றதெல்லாம் கம்பி.

நான் பக்கத்துக் கடையில் தையல். இரண்டு கடைக்கும் நடுவில் இடுக்கு விழுந்த ஒரு பலகைத் தடுப்பு மட்டும். ஒட்டுக்கேட்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். காது இருக்கிறது, கேட்கிறது, அதற்கு நான் என்ன செய்வது?

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே தம்பியால்தான். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பதினெட்டு பத்தொன்பது இருக்கும், சின்னவனுக்கு நாலு வயது. ஒருநாள் அவன் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டான், திறக்கத் தெரியவில்லை. கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. பூட்டுக்காரர் ஆடி அசைந்து வந்து, ஒரு வளைந்த கம்பியை விட்டு, கொட்டாவி விடும் நேரத்தில் திறந்துவிட்டார். மற்றவர்களாக இருந்தால் கும்பிட்டிருப்பார்கள். இவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "இவ்வளவுதானா? இதுக்கா எம்புள்ள இவ்ளோ நேரம் கத்துச்சு?" என்று அவரிடமே சண்டைக்குப் போனாள். மறுநாள் அவர் கடையிலேயே போய் வேலைக்கு நின்றாள்.

கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் சின்னவனைக் கரைசேர்த்துவிட்டுப் பார்க்கலாம் என்றாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் இப்போது பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். சின்னவன் ஆறடி வளர்ந்து கம்ப்யூட்டர் படித்தான். கடைக்கு மேல்மாடியில்தான் அவர்கள் வீடு. அவன் உட்கார்ந்து வேலை செய்ய ஒரு பெரிய தேக்குமேசை வாங்கினாள். நானும் சேர்ந்துதான் தூக்கினேன். அது நிலைவாசலைத் தாண்டியதோடு சரி, அதற்குமேல் உள்ளே போகவில்லை, வலது பக்கச் சுவரை ஒட்டி அங்கேயே நின்றுவிட்டது. வீட்டுக்குள் நுழைகிறவர்கள் எல்லாரும் அதில் இடுப்பை இடித்துக்கொள்வார்கள். "புள்ள வேலை செய்யிற எடம், கொஞ்சம் ஒதுங்கிப் போங்க" என்பாள், என்னவோ கோயில் கருவறை மாதிரி.

அந்த மேசையில் உட்கார்ந்துதான் அவளுடைய கடைக்கு விளம்பரம் போட்டுக் கொடுத்தான். யாராவது இணையத்தில் பூட்டு, சாவி என்று தேடினால் இவள் கடை முதலில் வரும். அதை யாராவது விரலால் தொட்டால் தேடல் கம்பெனிக்கு இவள் காசு கட்டவேண்டும்.

"நீ மட்டும் ஆசைக்குக்கூட அதத் தொட்டுப் பாக்காதக்கா. தொட்டா காசு" என்று சொல்லி வைத்திருந்தான். அவள் அதை நெருப்பு மாதிரி நினைத்தாள். தன் பெயர் திரையில் தெரிந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

முதலில் நன்றாகத்தான் ஓடியது, ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சமயத்தில் சின்னவன் ஒரு காலண்டர் ஆப் செய்தான். தேதி, மழை வருமா வராதா, கீழே ஒரு தேடல் பெட்டி. இலவசம். தம்பி சொந்தமாக ஒன்று செய்துவிட்டான் என்றதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. போகிற வீட்டிலெல்லாம் பூட்டைத் திறந்த பிறகு, "எந்தம்பி செஞ்சது, போட்டுக்குங்க, நல்லாருக்கும்" என்று அவளே அவர்கள் ஃபோனை வாங்கி ஏற்றிக் கொடுப்பாள். 'இதையே உங்கள் தேடல் பக்கமாக வைக்கலாமா' என்று அது கேட்கும். 'சரி' என்று அழுத்திவிடுவாள். வீட்டையே திறந்துவிட்டவள் கேட்கும்போது யார் முடியாது என்பார்கள்?

இன்னொரு கூத்தும் நடந்தது. வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கச் சாவி வளையம் அடித்தாள், பித்தளையில், கடையின் ஃபோன் நம்பரைப் பொறித்து. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏன் பூட்டக்கா, சாவி உள்ள மாட்டிக்கிட்டவங்கதான ஒனக்கு ஃபோன் பண்ணுவாங்க? நம்பரும் சாவியோட உள்ளதான கெடக்கும்?"

அவள் வளையத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். சின்னவனும் சிரித்தான். "விடுக்கா, அடிச்சது அடிச்சாச்சு. தேடிக் கண்டுபுடிச்சிக்குவாங்க" என்றான். அந்தச் சிரிப்பு இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

பிறகு ஃபோன் குறைந்தது, விளம்பரத்துக்குப் போகிற காசு மட்டும் ஏறிக்கொண்டே போனது. கேட்டால், "போட்டி ஜாஸ்திக்கா" என்பான். அவளும் நம்பினாள். பதினோரு மணிக்கெல்லாம் அன்றைக்கென்று வைத்த விளம்பரக் காசு தீர்ந்துவிடும். அதற்குமேல் ஊரே கதவுக்கு வெளியே நின்றாலும் இவள் பெயர் மேலே வராது. மத்தியானத்தில் என் கடைக்கு வந்து உட்கார்ந்து, கிழிந்த சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒருநாள் காலையில்தான் டீச்சரம்மாவிடமிருந்து ஆள் வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தனியாக இருப்பவர், பூட்டக்காவின் பழைய வாடிக்கையாளர். கடையைச் சாத்திவிட்டு நானும் கூடப் போனேன்.

கதவில் பூட்டு இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. பூட்டக்கா தன் கையால் மாட்டிய பூட்டு அது. துளைபோட்டுப் பிடுங்கி எடுத்திருந்தார்கள். இரும்புத்தூள் தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. டீச்சரம்மா நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"ஒங்க கடைலேர்ந்துதான் வர்றோம்னு சொன்னாங்க. ரெண்டு பேரு. உள்ள வந்து, கேட்டதக் குடுக்குற வரைக்கும் போகமாட்டோம்னு உக்காந்துட்டாங்க" என்றார். தரையில் கிடந்த தூளைப் பார்த்தபடியே, "வலது கைப்பக்கம் என்ன இருக்கும்னு அவங்க கேக்கவே இல்ல. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

"என் நம்பருக்குப் பண்ணலியா டீச்சர்?"

"நம்பர் வளையத்துல இருக்கு. வளையம் உள்ள இருக்கு. ஃபோன்ல தேடினேன்."

எப்படித் தேடினீர்கள் என்று கேட்டாள். டீச்சரம்மா செய்து காட்டினார். காலண்டர் திறந்தது. கீழே இருந்த பெட்டியில் 'பூட்டக்கா' என்று அடித்தார். ஒரே மாதிரி மூன்று பெயர்கள் வந்து நின்றன. முதலிரண்டும் யாரென்றே தெரியாதவை, அதில் ஒன்று இவள் கடைப் பெயரையே கொஞ்சம் மாற்றி வைத்திருந்தது. இவளுடையது மூன்றாவது. ஓரத்தில் எறும்பு அளவுக்கு 'விளம்பரம்' என்று எழுதியிருந்தது, டீச்சரம்மாவின் கண்ணுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

"எப்பவும் இதுலதான் தேடுவீங்களா டீச்சர்?"

"ஆமா. நீங்க போட்டுக் குடுத்ததுதான? கடை தெறந்திருக்கான்னு பாக்க, நேரம் பாக்க, காலைல எந்திரிச்சதும் ஒரு தடவ ஒங்க பேரத் தொட்டுப் பாத்துக்குவேன். தனியா இருக்கேன் இல்லையா, நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு ஒரு தைரியம். இன்னிக்கு அவசரத்துல மொதல்ல இருந்தத தொட்டுட்டேன்."

பூட்டக்கா தன் விரல்களையே பார்த்தாள். தன் விரல் படக்கூடாது என்று பின்னால் கட்டிக்கொண்ட கையை நினைத்தாளோ என்னவோ. இவளை ஏற்கெனவே தெரிந்த மனிதர்கள், இவளே ஏற்றிக் கொடுத்த காலண்டரில், இவளைத் தினமும் தொட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தொடுதலுக்கும் இவள் காசு கட்டியிருக்கிறாள்.

புதுப் பூட்டு ஒன்றை மாட்டிக் கொடுத்துவிட்டு இறங்கினாள். டீச்சரம்மா அவளிடம் கூலி எவ்வளவு என்று கேட்டார். அதுவரைக்கும் அப்படிக் கேட்டதே இல்லை, உள்ளே வந்து உட்காருங்க என்றுதான் சொல்வார்.

சாயங்காலம் சின்னவன் கடைக்கு வந்தான். நான் மிஷினை நிறுத்தினேன்.

"என் விளம்பரம் ஒன் காலண்டர்ல எப்படிடா வந்துச்சு?"

அவன் கொஞ்சமும் பதறவில்லை. "அது கூட்டு ஒப்பந்தம்க்கா. பெரிய தேடல் கம்பெனிக்குத் தனியா எல்லா எடத்துக்கும் போக முடியாது. என்ன மாதிரி ஆளுங்களப் பங்காளியா சேத்துக்கிறாங்க. அவங்க பெட்டிய நம்ம பக்கத்துல வைக்கலாம். அதுல யாராச்சும் விளம்பரத்தத் தொட்டா நமக்கு ஒரு பங்கு."

எங்கள் குடும்பத்தில் பங்காளி என்பது கோர்ட்டு வாசலில் மட்டும் புழங்குகிற சொல்.

"எங்கிட்ட கேட்டியா?"

"நீ விளம்பரம் ஆரம்பிக்கும்போதே 'பங்காளி பக்கங்களிலும் காட்டலாம்'னு டிக் போட்டுத்தான் இருந்துச்சு. கம்பெனி போட்டது. நான் எடுக்கல, அவ்வளவுதான். எல்லாம் சட்டப்படிதான்க்கா."

"ஒனக்கு வந்தது என் காசுடா."

"ஒன் காசு இல்லக்கா, கம்பெனி காசு."

"கம்பெனிக்கு யாருடா குடுத்தா?"

அவன் ஃபோனை எடுத்துப் பார்த்தான்.

"காசு போவட்டும்" என்றாள். "பூட்டுக்கடை விளம்பரத்தத் தொட்டா பங்கு ஜாஸ்தி வரும்னு தெரிஞ்சுதான எங்கையால ஏத்திக் குடுக்க வச்ச? டீச்சர் வீட்டுப் பூட்ட ஒடச்ச அந்தத் திருட்டுப்பசங்க விளம்பரம் ஒங் காலண்டர்ல வர்றது ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"யாரு விளம்பரம் வரணும்னு நான் முடிவு பண்றதில்ல."

"தெரியுமா, தெரியாதா?"

"...தெரியும்."

அப்போது அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தோல்பையை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவன் என்னிடம் வந்து, "அக்காவுக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது" என்றான். கத்தரிக்கோல் என் கையில் இருந்தது. அவன் நல்ல நேரம், துணியை மட்டும்தான் வெட்டினேன்.

அடுத்த நாளிலிருந்து விளம்பரத்தை நிறுத்திவிட்டு வீடுவீடாக ஏறி இறங்கினாள். "நான் ஏத்துனத நானே எடுத்துடறேன், ஃபோனக் குடுங்க." சிலர் கொடுத்தார்கள். சிலர் இத்தனை நாளாக எங்கள் ஃபோனில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டார்கள். டீச்சரம்மா சங்கிலியைக் கழற்றாமல் கதவிடுக்கு வழியாகவே ஃபோனை நீட்டினார். எடுத்துக் கொடுத்ததும் அதே இடுக்கு வழியாக வாங்கிக்கொண்டு சாத்திவிட்டார். அந்தச் சங்கிலியையும் மாட்டியது பூட்டக்காதான்.

திரும்பி வந்து என் கடையில் உட்கார்ந்து அழுதாள். "அவங்க பூட்ட ஒடச்சவன் எவனோ. கதவத் தெறந்து விட்டது நாந்தான்டி" என்றாள். நான் என்ன சொல்லித் தேற்றுவது? அந்தக் கம்பெனிக்காரர்களையும் அவர்கள் பங்காளிகளையும் எனக்குத் தெரிந்த எல்லா வசவுகளாலும் வைது தீர்த்தேன். அவளுக்கு அது போதவில்லை.

சின்னவன் வெளியூரில் ஏதோ கூட்டம் என்று போயிருந்தான், அவனை மாதிரிப் பங்காளிகளுக்கெல்லாம் கம்பெனி விருந்தாம். அவன் வருவதற்குள் அவள் மாடி வீட்டுப் பூட்டை மாற்றினாள். அவன் துணிமணி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மடித்துக் கட்டி, படிக்கட்டுக்குக் கீழே நனையாத இடத்தில் வைத்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள். என்ன ஏது என்று கேட்காமல் போனேன்.

அவன் திரும்பி வந்தது ஒரு மத்தியானம். மேலே போய்ச் சாவியைப் போட்டுத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, கீழே வந்து கடைவாசலில் நின்றான்.

"அக்கா, சாவி சேரல. வந்து தெறந்து விடு."

அவள் எழுந்தாள். தோல்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஒரு நொடி எனக்குத் திக்கென்றது, மனசு மாறிவிட்டதோ என்று. அவன் முகத்தைப் பார்த்து, ஊரில் எல்லாரிடமும் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"கதவத் தெறந்ததும் வலது கைப்பக்கம் என்ன இருக்கும்?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னக்கா விளையாடுற? என் மேசதான். வேறென்ன இருக்கும்?"

அவள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அவன் அவளைப் பார்த்தான், அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பி என் கடைப்பக்கம் பார்த்தான். நான் அந்தத் தேக்குமேசையின்மேல் துணியை விரித்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.